ஈரத் துணி

வரைந்தவள் மனைவி, பேர் வாங்கியவர் கணவர். அந்தக் காலத்தில் கார்ட்டூன் படத்தின் ஒவ்வொரு அசைவையும் கண்ணாடி போன்ற தாளில் தனித்தனியாக வரைவார்கள். தாள் விலை அதிகம். கேமராவில் பிடித்ததும் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, அதிலேயே அடுத்ததை வரைவார்கள். துடைத்தவளும் அவள்தான்.

இன்று அப்படி எடுத்த முதல் படத்துக்காக அவருக்கு விருது. மேடையில் மைக்கைப் பிடித்தவர், "எல்லாம் ஒத்தை ஆளா நான் வரைஞ்சது. சும்மா சொல்லக்கூடாது, என் வீட்டுக்காரியும் தாளெல்லாம் கழுவிக் கொடுத்தா," என்றார். அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் அவளும் தட்டினாள்.

படம் ஓடியது. திரையில் அவர் பெயர் வந்தது. படத்தின் நாயகியான ரெட்டைப் பின்னல் சிறுமி ஓரத்திலிருந்து வாளியோடு வந்து, துணியை நனைத்து, அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகத் துடைத்தாள். படத்தில் அப்படியொரு காட்சியே கிடையாது.

"ஏய், இதை நீ எப்ப வரைஞ்ச?" என்று மேடையிலிருந்து கத்தினார். கையில் மைக் இருந்தது. அரங்கம் முழுக்கக் கேட்டது.

"நான் வரையலீங்க," என்றாள்.

சிறுமி துணியைப் பிழிந்தாள். திரைக்குக் கீழே மேடைப் பலகையில் கறுப்புத் தண்ணீர் சொட்டியது.