நாலாவது லாக்

பஹ்ரைனில் ஒரு அரபியின் யாட் என்ற சொகுசுப் படகுக்குக் கேப்டனாக இருந்தார் ததேயு. 2007 அக்டோபரில், லீவு முடிந்து மறுநாள் குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குத் திரும்பவிருந்த மனைவி பெர்பெத்தாளை முதன்முறையாக அதில் ஏற்றிக்கொண்டார்.

கடலிலிருந்து அங்குள்ள ஒரு தீவின் ஏரிக்குப் போகும் கால்வாயில் மூன்று லாக்குகள். ஒவ்வொன்றிலும் கதவை அடைத்துத் தண்ணீர் நிரப்பினால் படகு ஓர் ஆள் உயரம் மேலேறும். சுவரில் உரசாமல் அவர் உள்ளே நுழைத்ததை அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"இம்புட்டு அழகா ஓட்டுவியளா? ஒரு வார்த்த சொல்லலியே!"

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். பேச்சோடு பேச்சாக நாலாவது லாக்கிலும் ஏறினார்கள்.

"மூணுன்னுதான சொன்னிய?"

"மூணுதான்" என்றார் ததேயு.

ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்பினார்கள். இறங்கும்போது அவர் எண்ணிக்கொண்டே வந்தார். மூன்றாவது கதவு திறந்ததும் கடல் வந்துவிட்டது.

படகுத்துறையில் மற்ற படகுகளெல்லாம் ஓர் ஆள் உயரம் கீழே மிதந்தன. கரையில் நின்ற காவலாளி அண்ணாந்து பார்த்தான். இவர்கள் படகுக்கு அடியிலும் தண்ணீர் இருந்தது. அது மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

"ததேயு பாய், நீச்சே ஆவோ!" என்று காவலாளி கத்தினான்.

பெர்பெத்தாள் கணவனின் கையைப் பிடித்தாள்.

"எறங்காண்டாம். இப்படியே ஓட்டுங்க."