படகு போக வழி

சம்மட்டி சுவரில் இறங்கியதும் தெறித்த முதல் சில்லு அவள் நெற்றியில்தான் பட்டது.

அவன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். அவளை அல்ல, படகை.

படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய போர்வையை எடுத்து அதற்குப் போர்த்தி, அதற்கும் சுவருக்கும் நடுவில் அவளையும் நிறுத்திவைத்திருக்கிறானே, பிறகு என்ன ஆகும்?

"அசையாதடீ. படகுல ஒரு கீறல் விழுந்துச்சு, தோலை உரிச்சிடுவேன்."

அவள் அசையவில்லை. புருவத்தைத் தாண்டி இறங்கிய ரத்தத்தைத் துடைக்கக்கூட கையைத் தூக்கவில்லை.

ஐயா வெளியே வெல்டர், வீட்டுக்குள்ளே மகாராஜா. ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, ஆற்றில் தனியாகத் துடுப்புப் போட வேண்டும் என்று மகாராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது. தேவதாரு மரத்தை நீள நீளமான மெல்லிய பட்டைகளாக அறுத்து வாங்கிவந்தான். தெருவைப் பார்த்த முன்னறையில், படகின் வயிற்று வளைவுக்கு வெட்டிய பலகைகளை வரிசையாக நிறுத்தினான். அவற்றின்மேல் பட்டையோடு பட்டையை ஒட்டி, மழைக்காலம் முழுக்க இழைத்தான்.

பசை பிடிக்கும்வரை பட்டையை அழுத்திக்கொண்டு நிற்பது அவள் வேலை. பட்டை வழுக்கினால் அவன் கையிலிருக்கும் மரச்சுத்தியல், கொட்டாப்புளி, அவள் விரல் முட்டியில் இறங்கும்.

சும்மா சொல்லக்கூடாது, படகு அப்படி ஒரு அழகு. தேன் நிறம். அதன் முதுகை அவன் தடவுகிற பக்குவத்தில் அவளை ஒருநாளும் தொட்டதில்லை.

இன்று காலை கொழுந்தன் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அறைக் கதவைத் தாண்டியது. வாசலுக்குப் போகிற நடையின் திருப்பத்தில் மூக்கு முட்டி நின்றுவிட்டது. சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள், முன்பின்னாக மாற்றிப் பார்த்தார்கள். ம்ஹூம்.

கொழுந்தன் சிரித்துத் தொலைத்தான்.

வேன் தம்பியுடையது, தம்பியை அடிக்க முடியுமா? அவளை அடித்தான்.

"நீதானடீ அளந்து பார்த்துட்டு, போகும்னு சொன்னே? கண்ணு அவிஞ்சா போச்சு?"

அவள் இடது காது இன்னும் ரீங்காரம் போட்டுக்கொண்டிருக்கிறது.

படகை இரண்டாக வெட்ட மனசு வருமா? சுவர் எக்கேடு கெட்டால் என்ன? சம்மட்டியைத் தூக்கிவிட்டான்.

மறுபடி ஓங்கினான். ஜன்னலுக்குக் கீழே காரை பெயர்ந்து செங்கல் பல்லைக் காட்டியது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, என்னப்பா வீட்டையா இடிக்கிறே என்று கேட்டாள். அவன் திரும்பிப் பார்த்த பார்வையில் வந்த வேகத்திலேயே உள்ளே போய்விட்டாள்.

இந்த ஜன்னலில்தான் ஒரு மத்தியானம் அவள் ஒரு காலை வெளியே போட்டாள். பஸ் ஏறினால் கூடப்பிறந்த அக்கா வீடு, அவ்வளவுதான் அவள் நினைப்பு. மறு காலைத் தூக்குவதற்குள் அவன் வந்துவிட்டான். மணிக்கட்டை முறுக்கியதில் எலும்பு விட்டுப்போனது. அன்று சாயங்காலமே ஜன்னலுக்குக் கம்பி பற்றவைத்தான். கட்டுப்போட்ட கையோடு அவள்தான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து எங்கே போனாலும் வாசல் கதவை வெளிப்பக்கம் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் போவான்.

செங்கல் ஒன்று பறந்துவந்து அவள் தோளில் மோதியது. வலி உயிர் போனது. அவன் மூச்சு வாங்க, சம்மட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

நிறுத்திவிடாதே, சாமி.

எத்தனையோ அடி வாங்கியவள், இன்னும் ஓங்கி அடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டது இன்றைக்கு மட்டும்தான்.

அவன் எச்சிலைத் துப்பிவிட்டு வெறிபிடித்தவன் மாதிரி அடித்தான். ஜன்னல் சட்டம் ஆடியது, முனகியது, கம்பியும் கதவுமாகப் பெயர்ந்து தெருவில் போய் விழுந்தது. சுவர் இருந்த இடத்தில் திடீரென்று வெயில்.

அண்ணனும் தம்பியும் போர்வையை உருவிப் போட்டுவிட்டு, படகை அலுங்காமல் வெளியே நீட்டினார்கள். வேன் மேலே ஏற்றிக் கட்டினார்கள். அவன் படகை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. முகமெல்லாம் பல்.

"சாயங்காலம் மேஸ்திரி வந்து அடைப்பான். அதுவரைக்கும் இங்கேயே உக்காந்து இந்த ஓட்டையைப் பார்த்துக்கோ. திருடன் கிருடன் நுழைஞ்சிடப் போறான்."

அவள் தலையாட்டினாள்.

அவன் வாசல் கதவைச் சாத்தினான். பூட்டினான். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேனில் ஏறினான்.

வேன் தெருமுனையில் திரும்பும்வரை அவள் உட்கார்ந்திருந்தாள். பிறகு முகத்தைக் கழுவினாள். போர்வையை உதறி, இருக்கிற நாலு துணியை அதில் மூட்டை கட்டினாள். செங்கல் குவியலில் கால் வைத்து ஏறி, சுவர் இருந்த இடத்தைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். பூட்டு பாவம், தொங்கிக்கொண்டிருந்தது.

மழைக்காலத்துக்கு முன்னால், படகை ஆரம்பித்த அன்றைக்கு, நடைத் திருப்பத்தில் போகுமா என்று படகு நீளத்துக்கு ஏதாவது ஒன்றைத் தூக்கிப்போய்ப் பார்த்துச் சொல்லச் சொன்னான். அறையில் அதே நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய் கிடந்தது. அவள் அதைத் தாண்டிப் போய் ஒரு தேவதாருப் பட்டையை எடுத்தாள்.

அதன் வால் கதவைத் தாண்டி மறையும்வரைதான் அவன் பார்த்தான். வெளியே நடையில் அந்தப் பட்டை வில்லாக வளைந்து, திருப்பத்தைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனது.

"என்ன, போகுதா?" என்று அவன் உள்ளேயிருந்து கத்தினான்.

அவள் வளைந்த பட்டையைப் பார்த்தாள். கம்பி போட்ட ஜன்னலுக்குக் கீழே இருந்த வெறும் சுவரை நினைத்துக்கொண்டாள்.

"தாராளமா போகுதுங்க" என்றாள்.