துணைக்கு ஒரு டம்ளர்

“பயப்படாத பிரிஜெட். இன்னிக்கு உன் சுகர் குறைஞ்சிருக்கும், பாரேன்.”

அல்சூர் கிளினிக் பெஞ்சில் டென்சிலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குறையாவிட்டால் இன்றிலிருந்து மாத்திரைதான் என்று டாக்டர் அம்ருதா அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். பிரிஜெட் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மாதத்துக்கு முன் சர்ச் மெடிக்கல் கேம்பில் புருஷன் பெண்டாட்டி இருவரும் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தார்கள். ரிசல்ட் வாங்கப் போன பிரிஜெட் கண் கலங்கித் திரும்பினாள். “எனக்கு சுகராம்,” என்றாள். டென்சிலுக்கு அன்று சோறே இறங்கவில்லை.

அதுவரை மனுஷன் தெருமுனைக் கடைக்கும் ஸ்கூட்டரில் போகிற ஆள். நடங்கள் என்றால், “எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன்,” என்பான்.

பெண்டாட்டிக்கு என்றதும் ஆளே மாறிப் போனான். டாக்டர் சொன்னபடி சாப்பாட்டுக்கு முன் புரோட்டீன் பவுடரைக் கலக்கி நீட்டினான். “சுண்ணாம்பு மாதிரி இருக்கு. நீங்க குடிச்சாதான் நானும் குடிப்பேன்,” என்று அவள் முகம் சுளித்தாள். அவனும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு டம்ளர் குடித்தான். தனியாக நடக்க மாட்டேன் என்றாள். விடிந்ததும் ஏரியைச் சுற்றி இருவரும் நடந்தார்கள். வீட்டில் தண்ணீர் கேனை வைத்து உடற்பயிற்சி. தூக்கிக் காட்டியது என்னவோ அவன்தான், அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் ரத்தம் எடுத்தபோதும், “ஊசின்னா பயமா இருக்கு, நீங்களும் கொடுங்களேன்,” என்றாள். அதையும் கொடுத்தான்.

நர்ஸ் உள்ளே கூப்பிட்டாள். டாக்டர் முகம் நிறையச் சிரிப்பு.

“சூப்பர். மூணு மாச சராசரி சுகர் ஏழுக்கு மேல இருந்தது, ஆறுக்குக் கீழ வந்துடுச்சு. மாத்திரை வேண்டாம். இதையே விடாம செய்யணும்.”

டென்சில் துள்ளி எழுந்தான். “சொன்னேன்ல பிரிஜெட், சொன்னேன்ல! டாக்டர், இவளை ஒரு நாள்கூட சும்மா விடல. மழையிலயும் இழுத்துட்டுப் போனேன்.”

டாக்டர் பிரிஜெட்டைப் பார்த்தார். “இன்னுமா இவர்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா வீட்டு வாசலைத் தாண்டியிருக்க மாட்டார் டாக்டர்.”

டாக்டர் டென்சிலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“கங்கிராட்ஸ் சார். உங்க மிஸஸுக்கு சுகரே கிடையாது. இருந்தது உங்களுக்குத்தான்.”