மேயரின் கட்டைவிரல்

"அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்கண்ணே. புண்ணியமாப் போகும்."

ருஃபினோ இதை மூன்றாவது முறையாகச் சொன்னான். காவலாளி ஒனோஃப்ரே கையிலிருந்த விசிறியை நிறுத்தவேயில்லை.

"ஜன்னல் எல்லாம் திறந்துதாம்ப்பா இருக்கு. வெளியே பேனர் மூடியிருக்கு, அவ்வளவுதான்."

நகர மருத்துவமனையின் வெளிநோயாளிக் கூடத்துக்கு ஏழு ஜன்னல்கள். ஏழும் தெருப்பக்கம். ஏழையும் ஒரே பேனர், ஒரு மூலைகூட விடாமல், இழுத்துக் கட்டி மூடியிருந்தது. பின்னாலிருந்து வெயில் அடித்ததில் கூடமே நீலமாகி, தண்ணீர் மாற்றாத மீன்தொட்டிபோல இருந்தது. உள்ளேயிருந்து பார்த்தால் இடம்வலம் மாறிய எழுத்துகளும் பிரம்மாண்டமான ஒரு கட்டைவிரலும் மங்கலாகத் தெரிந்தன.

கட்டைவிரல் யாருடையது என்று அந்த ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். பாலம், கழிப்பறை, நாய்த் தடுப்பூசி முகாம், எங்கே பார்த்தாலும் மேயர் லுமாபாஸின் கட்டைவிரல் நிமிர்ந்து நிற்கும்.

கூடத்தின் இடப்பக்கம் காசநோய்க்காரர்கள். வலப்பக்கம் கர்ப்பிணிகள். நடுவே தரையில் ஒரு மஞ்சள் கோடு. இருமல் அந்தக் கோட்டை மதித்து நடந்துகொள்ளும் என்று நிர்வாகம் நம்பியது.

ருஃபினோவின் மனைவி மரிவிக்குக்கு ஆறாம் மாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. அவள் டோக்கன் எண்பத்து நான்கு. இப்போதுதான் முப்பத்தொன்றைக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் மறுநாள் முதலிலிருந்து வர வேண்டும் என்பதால் வெளியே போயும் உட்கார முடியாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் நிறுத்தாமல் இருமிக்கொண்டிருந்தார். ஒவ்வோர் இருமலுக்கும் மரிவிக் வயிற்றின் மேல் கையை வைத்து மூச்சை அடக்கினாள்.

"இப்படியே எவ்வளவு நேரம்டி மூச்சைப் பிடிப்பே?"

"எண்பத்து நாலு வர்ற வரைக்கும்" என்றாள் அவள்.

ருஃபினோ நர்ஸ் ஹெர்மினியாவிடம் போனான். அவள் நிமிர்ந்து பார்க்காமலே ஓர் அட்டை விசிறியை நீட்டினாள். அதில் மேயர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வீசிக்கச் சொல்லுங்க."

"இதால வீசினா அவரோட இருமல்தான் அக்கா இவ மூஞ்சிக்கு வரும்."

"அப்ப அந்தப் பக்கமா வீசச் சொல்லுங்க."

"போன மாசமெல்லாம் காத்து ஜம்முனு வந்துச்சே! வெள்ளைக் கோட்டு போட்ட பொண்ணுங்க நாலு பேர் நோட்டும் கையுமா சுத்திட்டிருந்தாங்களே. அவங்ககிட்ட சொல்றேன். எங்கே அவங்க?"

"அவங்க வேலை முடிஞ்சுது. போயிட்டாங்க."

"பெரிய டாக்டர்?"

"பாங்காக்ல மேடையேறிப் பேசிட்டிருக்காரு. நோயாளிகளைப் பத்திதான். உருக்கமாப் பேசுவாரு."

"அப்ப யார்கிட்டதான் போய்ச் சொல்றது?"

ஹெர்மினியா முதல்முறையாக நிமிர்ந்தாள். சிரிப்பா, கொட்டாவியா என்று தெரியாத ஏதோ ஒன்று அவள் முகத்தில் வந்து போனது. "முன்பக்கம் போய் அந்த பேனரைப் படிங்க. உங்களுக்கே புரியும்."

"படிக்கிறதா? கிழிச்சுப் போடறேன்!"

"கிழிப்பேடா, கிழிப்பே!" என்றார் ஒனோஃப்ரே. "நீ ஆளேத்தி ஓட்டற ஜீப்னி வண்டிக்கு பர்மிட் கொடுக்கிறது யாரு? இந்தக் கட்டைவிரல்தான்!"

அந்த நேரம் சிவப்புச் சட்டைக்காரர் மறுபடி இருமினார். மரிவிக் மூச்சை அடக்கி அடக்கி, கடைசியில் தாங்காமல் மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தாள். ருஃபினோ அதைப் பார்த்தான். அதற்கப்புறம் அவனுக்கு பர்மிட் ஞாபகம் இல்லை.

முன்வாசல் சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் எல்லோருமே பின்சந்து வழியாகத்தான் வந்து போனார்கள். அவன் பள்ளங்களைத் தாண்டி முன்பக்கம் வந்தபோது தோண்டாத ஓரமாக ஒரு வேன் நின்றிருந்தது. உள்ளே சுருட்டிய பேனர்கள், பாய் வியாபாரியின் வண்டிபோல அடுக்கடுக்காக.

"இதெல்லாம் எங்கே போகுது?"

"மத்த பன்னெண்டு ஆஸ்பத்திரிக்கும்" என்றான் வேன்காரன். "மேயர் உத்தரவு. ஜன்னல் அளவெல்லாம் எடுத்துத்தான் அடிச்சிருக்கு. ஒரு இஞ்ச் இடைவெளி விழாது."

"ஏணி இருக்கா?"

பேனரை இழுத்துக் கட்ட வந்த ஆபீஸ் ஆள் என்று நினைத்து வேன்காரன் ஏணியைக் கொடுத்ததோடு, நகராமல் பிடித்தும் கொண்டான். ருஃபினோ மேலே ஏறினான். அவ்வளவு கிட்டத்தில் எழுத்துகள் எழுத்துகளாகவே இல்லை; வெறும் மஞ்சளும் சிவப்புமாக அவன் தலைக்கு மேல் நின்றன. ஜீப்னியில் எலுமிச்சை நறுக்கப் பாக்கெட்டிலேயே வைத்திருக்கும் கத்தியால் ஒவ்வொரு கயிறாக அறுத்தான். கடைசிக் கயிறு அறுந்ததும், பேனர் ஒரு பெரிய பறவை உட்காருவதுபோல மெல்லச் சரிந்து நடைபாதையில் மல்லாந்து விழுந்தது.

ஏழு ஜன்னல்களிலும் முகங்கள் முளைத்தன. மூன்றாவது ஜன்னலில் மரிவிக், கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் காற்றை இழுத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அடப்பாவி!" வேன்காரன் ஏணியை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான். "என்ன காரியம்யா பண்ணிட்டே? என்ன எழுதியிருக்குன்னாவது படிச்சியா?"

ருஃபினோ இறங்கி வந்து, மேயரின் கட்டைவிரலை மிதிக்காமல் ஓரமாக நின்று, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தான்:

"வாழ்த்துகள்! காத்திருப்புக் கூடத்தில் ஜன்னல் வழியே காற்று வந்தாலே காசநோய் பரவுவது பாதியாகக் குறையும் என்று, இதே கூடத்தில் ஓராண்டு ஆய்வு செய்து நிரூபித்த நம் மருத்துவமனைக்கு மேயரின் நன்றி! இனி நகரின் எல்லா மருத்துவமனைகளிலும்!"