ஓடையில் விட்ட கோதுமை

“நம்ம கோதுமை தோத்துப்போனா இந்த எடத்துல என்னா செய்வாங்க மிஸ்?” என்று வீரம்மா கேட்டாள்.

“கிழங்கு போட்டுருவாங்க” என்றாள் தெரேசா.

இலங்கை மலைநாட்டில், ராகலைக்கு மேலே, தேயிலைச் சரிவின் நடுவே ஒரு சின்ன ஆராய்ச்சிப் பாத்தி. பனியும் குருவியும் விட்டுவைத்தது ஒரே ஒரு சின்னப் பை கோதுமை. சோதனைக்கும் அதுதான், அடுத்த விதைப்புக்கும் அதுதான். காவல்காரி வீரம்மா அதைத் தன் லயத்து வீட்டில் ஒரு வாரம் வைத்து, காயப்போட்டுப் புடைத்து, அன்று காலைதான் கொண்டுவந்திருந்தாள்.

பாத்தியின் ஆய்வாளரான தெரேசா இரண்டு கண்ணாடித் தட்டுகளை எடுத்தாள். ஒன்றில் அந்தக் கோதுமை. இன்னொன்றில், கப்பலில் வந்து டவுன் கடையில் விற்கும் கோதுமை. நூறு நூறாக எண்ணி நிறுத்தாள். பிளந்து பார்த்தாள். கடித்தும் பார்த்தாள். நிறை, நிறம், கடினம் எல்லாம் ஒன்றேபோல் இருந்தன.

ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் மலையை மறைத்திருந்தது. அது விலகும்போது சரிவெல்லாம் மஞ்சளாக அசையும் என்று அவளுக்குத் தோன்றியது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அதிகாரி இக்னேசியஸ் தட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் பாத்தியை இரண்டு மடங்காக்கலாம் என்று கையெழுத்திட்டார். வீரம்மா மட்டும் சிரிக்கவில்லை. சனிக்கிழமை மாரியம்மன் திருவிழாவுக்கு வரச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கோயில் கொண்டாட்டத்தை மாதா கோயிலுக்குப் போகும் தெரேசா அதுவரை கிட்ட நின்று பார்த்ததில்லை. பெண்கள் முளைப்பாரிச் சட்டிகளைச் சுமந்துவந்து ஓடையில் விட்டார்கள். வீரம்மாவுடையதுதான் அடர்த்தி. இருட்டில் வளர்ந்த வெளிர்மஞ்சள் முளைகள் சாண் உயரம் நின்றன. இலையைத் தொட்டதுமே தெரேசாவுக்குத் தெரிந்துவிட்டது.

“கோதுமையா வீரம்மாக்கா?”

வீரம்மா சட்டியைத் தண்ணீரில் விட்டுவிட்டு, தலை குனிந்துகொண்டாள்.

“மொத கடைக் கோதுமையத்தான் போட்டேன் மிஸ். மூணு நாளாகியும் ஒண்ணுகூட மொளைக்கல. மொளைக்காட்டி வீட்டுக்கு ஆகாதுன்னு பயமாப் போச்சு. அதான் நம்ம பையில இருந்தது பூராவும் எடுத்துப் போட்டுட்டு, மிச்சமிருந்த கடைக் கோதுமைய அந்தப் பையில கொட்டிட்டேன்.”

மஞ்சள் முளைகள் ஆடி ஆடி ஓடை வளைவைத் தாண்டப் போயின. தெரேசா செருப்போடு ஓடையில் இறங்கினாள்.