பவுலின் மிஸ்ஸுக்கு வந்த கவர்

“ரங்கா, எனக்குப் போஸ்ட் வந்துச்சா?”

ஆசிரியர் அறை வாசலில் பவுலின் மிஸ் பியூனைக் கேட்ட குரல் காதில் விழுந்ததும் ஸ்ரீகண்டன் தம் டிபன் பையை மேஜைக்கடியில் இன்னும் உள்ளே தள்ளினார். வெள்ளிக்கிழமையிலிருந்து தினம் இரண்டு வேளை இதே கேள்வி. இன்றைக்குப் புதன்.

“வந்ததெல்லாம் பெட்டியில போட்டுட்டேன் மிஸ்,” என்றான் ரங்கா.

போட்டது நிஜம்தான். எடுத்தது ஸ்ரீகண்டன்.

எத்தியோப்பியாவில் இங்கிலீஷ் வாத்தியார் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் வந்த அன்றே அவர் விண்ணப்பம் போட்டாயிற்று. நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டுமாம். அவருக்கு வருகிற மாதம் நாற்பது. இதை விட்டால் கண்டோன்மென்டில் இதே பள்ளிக்கூடம், இதே பாடம், இதே நாற்காலி என்று ரிடையராக வேண்டியதுதான். அவர் மனைவி ருக்கு அதற்குள், அங்கே குளிருமாம் என்று கம்பளிக் கோட்டுக்குத் துணி எடுத்து, அவரை இழுத்துக்கொண்டு போய் அளவும் கொடுக்க வைத்துவிட்டாள். தெருவில் அவள் சொல்லாத வீடு இல்லை.

இடையில்தான் பவுலின் மிஸ் முளைத்தார்.

வயதில் சின்னவர், ஆனால் சர்வீஸில் அவரைவிடச் சீனியர். வெள்ளைக்காரன் போய்ப் பதினைந்து வருஷமாகியும் துரைசானி மாதிரி இங்கிலீஷ் பேசுவார். போன மாதம் ஆபீசில் எத்தியோப்பியா தூதரகத்தின் டெல்லி விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டதை ஸ்ரீகண்டன் கண்ணால் பார்த்தார். அதற்கு முந்தின நாள் ஹெட்மாஸ்டர் சீனிவாசராகவன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் பேச்சு. வேறு எதற்கு? ஒரே சமயத்தில் இரண்டு இங்கிலீஷ் வாத்தியாரை நிர்வாகம் அனுப்பாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

வெள்ளிக்கிழமை அந்தக் கவர் வந்தது. நீளக் கவர், எத்தியோப்பியாவின் சிங்கம் போட்ட முத்திரை, மேலே மிஸ் பவுலின் என்று டைப் அடித்திருந்தது. இன்டர்வியூ கார்டேதான். ஸ்ரீகண்டனுக்கு ஒன்றும் வரவில்லை.

கை தானாகப் போயிற்று என்றுதான் அவர் தமக்குச் சொல்லிக்கொண்டார். கவர் அவருடைய டிபன் பைக்குள் போய்விட்டது.

பிரித்துப் பார்க்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது நல்ல குடும்பத்தில் பிறந்தவர் செய்கிற காரியமா?

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கிழித்துப் போடலாம் என்றால் மனசு வரவில்லை. பெட்டியிலேயே திருப்பிப் போட்டுவிடலாம் என்று போனால் பெட்டி முன்னால் பவுலின் மிஸ் நிற்கிறார். “பையில மோர் வாடை அடிக்கறது, குடுங்கோ, தோய்ச்சுப் போடறேன்,” என்று ருக்கு கேட்டதற்கு அவள்மேல் எரிந்து விழுந்தார்.

பவுலின் மிஸ் இப்போது நேராக அவர் மேஜைக்கு வந்தார்.

“ஒரு நிமிஷம் பேசலாமா சார்?”

தெரிந்துவிட்டது. ஸ்ரீகண்டன் திறந்திருந்த நோட்டை மூடினார். “சொல்லுங்க மிஸ்.”

“உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு ஹெட்மாஸ்டர் சொல்லியிருக்கார். இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது? உங்க எத்தியோப்பியா விஷயம்தான்.”

“என் விஷயமா?”

“உங்களைப் பத்தி ஸ்கூல்லேருந்து எழுதித் தரச் சொல்லி அவருக்கு லெட்டர் வந்துச்சு. ‘நான் கணக்கு வாத்தியார், அவரோட இங்கிலீஷைப் பத்தி நான் என்னத்தை எழுத? சீனியர் நீங்க எழுதுங்க’ன்னு என்கிட்ட தள்ளிட்டார். நானும் டெல்லிக்கு எழுதினேன். என் பேருக்கே ஃபாரம் அனுப்பறாங்களாம், அதுல எழுதினாதான் செல்லும்னு பதில் போட்டாங்க. இன்னும் வரல சார். சனிக்கிழமைக்குள்ள அங்க போய்ச் சேரணும். இன்னிக்குச் சாயங்காலம் தபால்ல சேர்த்தாதான் உண்டு.”

“அப்ப நீங்க... அப்ளை பண்ணலையா?”

“நானா?” பவுலின் மிஸ் சிரித்தார். “லிங்கராஜபுரத்துல படுக்கையில கெடக்கிற எங்கம்மாவை யார்கிட்ட விட்டுட்டுப் போறது?”

கையிலிருந்த தாள்களை மேஜைமேல் வைத்தார். “என்னென்ன கேட்பாங்கன்னு ஹெட்மாஸ்டருக்கு வந்த லெட்டர்லயே இருந்துச்சு. ஃபாரம் வந்ததும் பார்த்து எழுதிடலாம்னு எல்லாம் தயார் பண்ணி வச்சேன். பாருங்க.”

ஸ்ரீகண்டன் பார்த்தார். பாடம் நடத்தும் முறை, நாலு வரி. உச்சரிப்பு, மூன்று வரி. நேர்மை என்ற கேள்விக்கு மட்டும் முழுப் பக்கம்.

பேசாமல் இருந்துவிடலாம். இருவருமாகச் சேர்ந்து தபால்காரரைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். எத்தியோப்பியா சான்ஸ் போனாலும் மானமாவது தப்பும்.

ஆனால் அவர் குனிந்து பையைத் திறந்தார். கையை உள்ளே விட வைத்தது ஆசையா, மனசாட்சியா என்று அவருக்கே தெரியாது. கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதன் ஓரத்தில் மோர்க் கறை.

பவுலின் மிஸ் தபால் முத்திரையில் இருந்த தேதியைப் பார்த்தார். கறையைப் பார்த்தார். அவரைப் பார்க்கவில்லை.

ஒன்றும் கேட்காமல் கவரைப் பிரித்து, எதிரில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். எழுதி வைத்திருந்ததை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல், ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்து எழுதினார். ஸ்ரீகண்டன் எழுந்து நின்றவர் நின்றபடியே இருந்தார்.

நேர்மை வந்தது. பேனா நின்றது.

பவுலின் மிஸ் ஃபாரத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து, பேனாவையும் நீட்டினார்.

“இந்த ஒண்ணை மட்டும் நீங்களே எழுதிடுங்க சார்.”