சொன்னால்தான் நம்பும் கார்

அந்த வீட்டு ஸ்பேனர், வாசலில் நின்ற புதுக் காருக்கு வேறு பேட்டரி மாட்டி முடித்தது. இன்றைக்குக் கார் கிளம்பாவிட்டால் தன்னைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்களோ என்று அதற்கு ஒரே பயம்.

"கிளம்பு தம்பி!" என்றது.

"மாட்டேன்க்கா. பேட்டரி மாத்தியாச்சுன்னு கம்பெனிக்காரங்க வந்து என் கம்ப்யூட்டருக்குச் சொல்லணும்" என்றது கார்.

"நான்தானே மாட்டினேன்! உனக்கே தெரியலையா?"

"தெரியுதுக்கா. ஆனா அவங்க சொன்னாத்தான் நம்புவேன்."



காரைக் கம்பெனிக்கு இழுத்துப்போக லாரி வந்தது. டிரைவர் கொக்கியை மாட்டிப் பார்த்தார். அதன் நட்டு லொடலொடவென்று ஆடியது.

"சார், வீட்டுல ஸ்பேனர் இருக்கா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டார்.

ஸ்பேனர் அந்த நட்டை ஒரு சுற்று கூடவே இறுக்கியது.

"பத்திரமாப் போயிட்டு வா தம்பி."